வேதாகம மொழிகளில் மேற்படிப்பு: எங்கே சேரலாம்?

கேள்வி:

நான் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவள், வயது 27. பி.எஸ்ஸி. வேதியியல் முடித்தபின், இறையியல் பட்டங்களை வழங்கும் செராம்பூர் செனட்டுடன் இணைந்த கல்லூரி ஒன்றில் பி.டி. என்னும் இறையியல் இளநிலைப் பட்டம் படித்தேன். அங்கே எபிரெயமும் கிரேக்கமும் ஓராண்டு வீதம் கற்றபோதுதான் இனி என் வேலை இதுவே என்று முடிவு செய்தேன். இறையியல் கல்லூரியில் மொழி ஆசிரியராக வேண்டும், பின்னாளில் தமிழ் வேதாகமத் திருத்தப் பணியில் பங்கெடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். இப்போது நான்கு வழிகள் தெரிகின்றன. இங்கேயே பழைய ஏற்பாட்டில் எம்.டிஎச். என்னும் இறையியல் முதுகலை படிக்கலாம். அமெரிக்க செமினரி (இறையியல் பள்ளி) ஒன்றில் வேதாகம மொழிகளுக்கான இரண்டாண்டு எம்.ஏ. படிப்பில் பாதிக் கட்டணத் தள்ளுபடியுடன் இடம் கிடைத்திருக்கிறது. மீதிக்குக் கடன் வாங்க வேண்டும். பிரிட்டனில் ஓராண்டு முதுகலைக்கும், எருசலேமில் ஓராண்டுப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம் என்றும் எண்ணுகிறேன். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். திருமண்டலத்தின் உதவி உறுதியில்லை. இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது? எபிரெயமா கிரேக்கமா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டுமா? இணையவழிப் படிப்பு போதுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். நான்கு இடங்களையும் அவற்றின் பெயரையும் புகழையும் வைத்து எடைபோட்டிருக்கிறீர்கள். உங்கள் நிலையில் இருக்கும் எவரும் அப்படித்தான் தொடங்குவார்கள். ஆனால் மூலமொழிகளைப் பொறுத்தவரை ஒரு படிப்பின் தரத்தை அளக்க நான் நம்பும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த இரண்டு ஆண்டுகளில், தேர்ந்த ஆசிரியர் ஒருவர் எதிரே இருக்க, எத்தனை அதிகாரங்களை நீங்கள் எபிரெயத்திலோ கிரேக்கத்திலோ வரிவரியாக வாசித்து முடிப்பீர்கள்? மற்றவை எல்லாம், பட்டத்தின் பெயர் உட்பட, இதற்குப் பிறகுதான் வரும். நான்கு வழிகளையும் இந்த அளவுகோலைக் கொண்டே பார்க்கிறேன்.

முதலில் நீங்கள் இப்போது நிற்கும் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். ஓராண்டு எபிரெயம் படித்தவருக்கு எழுத்தும், உயிரொலிகளைக் காட்டும் புள்ளிகளும் தெரியும். வினையின் ஏழு முக்கிய வடிவங்களும் தெரியும். அகராதியைப் புரட்டி ஒரு வசனத்தின் பொருளைக் கூட்டிச் சொல்லவும் முடியும். வாசிப்பு என்பது அதற்கு அப்பால் தொடங்குவது. ரூத் புத்தகத்தின் முதல் அதிகாரம் எட்டாம் வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகோமி இரண்டு மருமக்களையும் தாய்வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லி, கர்த்தர் உங்களுக்குத் தயை செய்வாராக என்று வாழ்த்தும் இடம் அது. "லேக்னா ஷோவ்னா", அதாவது போங்கள், திரும்புங்கள் என்று தொடங்கும் ஏவல் வினைகள் இரண்டும் பெண்பால் பன்மையில் சரியாக இருக்கின்றன. அடுத்த வரியிலேயே "இம்மாகெம்" என்றும் "அசீதெம்" என்றும் ஆண்பால் பன்மை வந்து நிற்கிறது. பாடநூலில் நீங்கள் மனப்பாடம் செய்த அட்டவணைப்படி அவை "இம்மாகென்", "அசீதென்" என்று இருந்திருக்க வேண்டும். இலக்கணத்தோடு நின்றுவிட்ட மாணவர் இதைக் கவனிக்காமல் தாண்டிப் போவார், அல்லது தாம் கற்றது தவறோ என்று குழம்புவார்.

ஆசிரியரோடு வாசிக்கும் வகுப்பில் இந்த இடத்தில் எல்லோரும் நின்றுவிடுவார்கள். இந்தப் பால் மயக்கம் ரூத் புத்தகத்திலேயே இன்னும் பல இடங்களில் வருகிறது என்று ஒருவர் எடுத்துக் காட்டுவார். இது பேச்சுவழக்கின் சாயலா, படியெடுத்தவரின் கைப்பிழையா, இருவரைக் குறித்த பழைய இருமை வடிவம் ஒன்றின் எச்சமா என்று மூன்று விளக்கங்களும் மேசைக்கு வரும். அதே வசனத்தின் ஓரத்தில், அச்சிட்ட பதிப்பில், சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருக்கும்: எழுதப்பட்டிருப்பது "யஅசே", வாசிக்க வேண்டியது "யஅஸ்" என்கிறது அது. கெத்தீவ் (எழுதியது), கெரே (வாசிப்பது) என்று, எபிரெயப் பாடத்தைப் பேணிக் காத்த யூத அறிஞர்களான மசோரெத்தியர் வழங்கிய இந்த இரட்டை மரபு, செய்வார் என்பதற்கும் செய்வாராக என்பதற்கும் இடையிலான வேறுபாட்டைத் தொடுகிறது. ஒரே வசனத்தில் வினைவடிவம், பால், சுவடி மரபு ஆகிய மூன்றும் பாடமாகிவிடுகின்றன. ஒரு மணி நேரம் போய்விடும். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நீங்கள் மேற்படிப்புக்குப் போகிறீர்கள்.

ஆகவே எந்தக் கல்வி நிறுவனத்தின் பாடத்திட்டம் கைக்கு வந்தாலும், அதில் இந்த மணி நேரங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். வேதாகம மொழிகளில் எம்.ஏ. என்று பெயர் இருக்கும்; உள்ளே பார்த்தால் எபிரெயம் ஒன்று, இரண்டு, கிரேக்கம் ஒன்று, இரண்டு என நான்கு தாள்கள் அடிப்படை இலக்கணமாகவே இருக்கும். நீங்கள் பி.டி.யில் முடித்ததையே மறுபடியும் டாலரில் பணம் கட்டிப் படிப்பதாக அது முடியும். பழைய ஏற்பாட்டு அறிமுகம், இறையியல், திருச்சபை வரலாறு ஆகிய தாள்கள் பயனுள்ளவைதாம், ஆனால் அவை மொழித் தாள்கள் ஆகா. ஏசாயா, யோபு, எபிரெயர் நிருபம் என்று ஒரு புத்தகத்தின் பெயரில் அமைந்த தாள்களைத் தேடுங்கள். அந்தத் தாள்களின் விவரத்தில் மூலமொழியில் வாசிக்கும் திறன் முன்தேவை என்று எழுதியிருக்கிறதா, அல்லது மொழி தெரியாதவர்களும் சேரலாம் என்று இருக்கிறதா என்று பாருங்கள். மொழி அறிந்தவரும் அறியாதவரும் ஒரே வகுப்பில் உட்காரும்போது, வகுப்பு ஆங்கில மொழிபெயர்ப்பை ஒட்டியே நடக்கும். மூலமொழி கரும்பலகையின் ஓரத்துக்குப் போய்விடும். இதில் ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. வகுப்பின் அமைப்பே அப்படி.

அரமேயம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தானியேல் இரண்டாம் அதிகாரத்தின் நான்காம் வசனத்திலிருந்து ஏழாம் அதிகாரத்தின் முடிவு வரையிலும், எஸ்றாவில் அரச கடிதங்களைச் சுற்றிய பகுதிகளும், எரேமியாவில் ஒரேயொரு வசனமும் அந்த மொழியில்தான் இருக்கின்றன. எபிரெயத்தில் காலூன்றியவர் ஒரு பருவத்தில் வேதாகம அரமேயத்தைப் பிடித்துவிடலாம். எபிரெயத்துக்கு உறவான பண்டைய மொழிகளான உகாரித்து, அக்காடியம் ஆகியவை முனைவர் பட்டத்துக்குப் போகும்போது உதவும். முதுகலை நிலையில் அவை இல்லை என்பதற்காக ஓர் இடத்தை ஒதுக்க வேண்டாம்.

இனி எபிரெயமா கிரேக்கமா என்ற உங்கள் கேள்வி. ஆய்வுக்கு ஒன்றை முதன்மையாகக் கொள்ள வேண்டியது நடைமுறை. ஆனால் மற்றதைக் கைவிட்டுவிடாதீர்கள். பழைய ஏற்பாட்டை எடுத்தாலும் கிரேக்கம் வேண்டும் என்பதற்கு எரேமியா ஒன்றே சாட்சி. செப்துவஜிந்து என்னும் கிரேக்க மொழிபெயர்ப்பில் அந்தப் புத்தகம் எபிரெயப் பாடத்தைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சிறியது; அதிகார வரிசையும் மாறியிருக்கிறது. மொழிபெயர்த்தவர் சுருக்கிவிட்டார் என்று ஒரு காலத்தில் பலர் எண்ணினார்கள். 1947-க்குப் பிறகு சாக்கடலை ஒட்டிய கும்ரான் குகைகளில் கிடைத்த ஏடுகளில், அந்தக் குறுகிய வடிவத்தோடு ஒத்துப்போகும் எபிரெயத் துண்டு ஒன்று இருந்தது. அதாவது கிரேக்கத்துக்கு அடியில் வேறொரு எபிரெய மூலம் இருந்திருக்கிறது. திருத்தப் பணியில் உட்காரப்போகிறவர் இந்த இடங்களில் இரண்டு மொழிகளையும் எதிரெதிரே வைத்துப் பார்க்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தின் தொனியில் எபிரெயத்தின் மேல் ஈடுபாடு அதிகம் தெரிகிறது. அதையே முதன்மையாக வைத்து, கிரேக்கத்தில் செப்துவஜிந்து வாசிப்பைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

நான்கு வழிகளுக்கு வருகிறேன்.

அமெரிக்கச் செமினரியின் எம்.ஏ.வைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். பாதிக் கட்டணத் தள்ளுபடி என்பது பயிற்சிக் கட்டணத்தில் மட்டும்தான். தங்குமிடம், உணவு, மருத்துவக் காப்பீடு, பயணம் எதையும் அது தொடாது. மாணவர் விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம். அந்த வருமானம் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் சரியாக இருக்கும். கல்விக் கடனோடு திரும்பி வந்து இறையியல் கல்லூரி ஆசிரியர் சம்பளத்தில் அதை அடைப்பது எவ்வளவு கடினம் என்பதை, ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்தும் உங்கள் அப்பாவிடம் கேட்டாலே சொல்லிவிடுவார். அவருடைய வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்துப் படிக்க வேண்டிய படிப்பாக இது எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்றையும் நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் பி.டி., அமெரிக்காவில் போதகப் பணிக்கான எம்.டிவ். பட்டத்துக்கு இணையாகப் பல செமினரிகளில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. அப்படியானால் எம்.ஏ.வில் சேர வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. எம்.டிவ்.வுக்கு மேலான டிஎச்.எம். என்னும் இறையியல் முதுகலைப் படிப்புக்கே விண்ணப்பிக்கலாம். பிரின்ஸ்டன் இறையியல் செமினரி போன்ற இடங்களில் அது ஓராண்டுப் படிப்பு; துறையையும் நீங்களே தேர்ந்து, மேல்நிலை வாசிப்புத் தாள்களை மட்டும் எடுக்க வழி இருக்கும். செலவும் காலமும் பாதியாகும். அதோடு, அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்களில் முதுகலைக்குப் பண உதவி அரிது. முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர்களுக்கோ கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்த்துத் தரும் வழக்கம் பரவலாக இருக்கிறது. இங்கே வலுவாகத் தயாராகி அந்த நிலைக்கு நேரே போகிறவர் கடன் இல்லாமல் படிக்கலாம். இடம் கொடுத்திருக்கும் செமினரிக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: பி.டி.யைக் கருத்தில் கொண்டு டிஎச்.எம்.மில் சேர்க்க முடியுமா, முழு உதவித்தொகைக்கு வாய்ப்பு உண்டா, சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று மூன்றையும் கேளுங்கள். முழு உதவி என்று பதில் வந்தால் என் கருத்து மாறிவிடும்; தயங்காமல் புறப்படுங்கள்.

சில செமினரிகள் சேர்க்கையின்போது விசுவாச அறிக்கை ஒன்றில் கையொப்பம் கேட்கும். அதில் தவறில்லை, அது அவர்களின் அடையாளம். ஆனால் கையொப்பமிடும் முன் முழுவதையும் வாசியுங்கள். வேதாகமத்தின் உருவாக்கம் பற்றிய உங்கள் ஆய்வு எந்தத் திசையில் போகும் என்பதை நீங்கள் இன்னும் அறியவில்லை.

பிரிட்டனின் ஓராண்டு முதுகலை, மொழியில் ஏற்கெனவே முதிர்ந்தவர்களுக்கு ஏற்றது. எடின்பரோவிலும் டர்ஹாமிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் வேதாகமத் துறைகள் நெடுங்கால மரபு உடையவை, நூலகங்கள் அருமையானவை. ஆனால் கால அளவை எண்ணிப் பாருங்கள். செப்டம்பர் கடைசியில் வகுப்பு தொடங்கும். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு பருவத்தின் பாட வாரங்கள் எட்டுதான். வசந்தகாலம் முடிந்ததும் ஆய்வேடு. இதற்கிடையில், அடுத்த ஆண்டு முனைவர் பட்டத்துக்குப் போக விரும்பினால், விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பரிலும் ஜனவரியிலும் முடிந்துவிடும். வந்து மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், உங்களை நன்கு அறியாத பேராசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டியிருக்கும். நல்ல மாணவர்கள் பலர் இந்த இடத்தில் ஓராண்டை இழந்திருக்கிறார்கள். பிரிட்டன் அரசு வழங்கும் செவனிங் உதவித்தொகையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அது முழுச் செலவையும் ஏற்கும், ஆனால் இரண்டாண்டுப் பணி அனுபவம் கேட்கும், முடித்தபின் நாடு திரும்பவும் வேண்டும். இரண்டு நிபந்தனைகளும் பின்னாளில் உங்களுக்குப் பொருந்தும், இன்று பொருந்தா.

எருசலேமைப் பற்றி எழுதும்போது எனக்கே ஆசை வந்துவிடுகிறது. எபிரெயத்தை வாழும் மொழியாகத் தெருவில் கேட்டுக்கொண்டே பழைய எபிரெயத்தை வாசிப்பது வேறு எங்கும் கிடைக்காத பேறு. 1925-இல் திறக்கப்பட்ட எபிரெயப் பல்கலைக்கழகத்தில் வேதாகமத் துறையின் ஆழமான வகுப்புகள் நவீன எபிரெயத்திலேயே நடக்கும். பன்னாட்டு மாணவர்களுக்கு ஆங்கில வழிப் படிப்புகளும் உண்டு. எபிரெய வேதாகமத்தின் மிகப் பழைய கையெழுத்துப் படிகளுள் ஒன்றான அலெப்போ சுவடியும், கும்ரானில் கிடைத்த ஏசாயா ஏட்டுச்சுருளும் அந்த நகரத்தின் அருங்காட்சியகத்தில்தான் பாதுகாக்கப்படுகின்றன. பண்டைய மொழிகளைப் பேசிப் பழகும் முறையில் கற்பிக்கும் போலிஸ் நிறுவனமும் அங்கே இருக்கிறது. ஆனால் 2023 அக்டோபரில் போர் தொடங்கிய பிறகு அங்கே படிப்பைத் திட்டமிடுவது முன்புபோல் எளிதாக இல்லை. விமானமும் விசாவும் வகுப்பும் எப்போது தடைப்படும் என்று சொல்ல முடியாத நிலையில், கையில் இருக்கும் முழுப் பணத்தையும் அதில் போடுவது சரியாக இராது. நிலைமை சீரானதும், எம்.டிஎச். முடித்த கையோடு ஒரு கோடைக்காலத்துக்கோ ஓராண்டுக்கோ போய் வாருங்கள். அப்போது உங்கள் கண்ணில் படுவது இப்போது படுவதைவிடப் பல மடங்கு இருக்கும்.

மிஞ்சுவது இங்கேயே எம்.டிஎச். அதையே முதலில் எடுங்கள் என்று சொல்கிறேன். மலிவு என்பது மட்டும் காரணம் ஆகாது. உங்கள் இலக்கு இங்கே கற்பிப்பது. செனட்டின் கல்லூரிகளில் ஒரு துறையில் கற்பிக்க பி.டி.யும் அத்துறையில் எம்.டிஎச்.சும்தான் வழக்கமாக எதிர்பார்க்கப்படும் அடித்தளம். செராம்பூருக்கு 1827-இல் டேனிய மன்னர் அளித்த சாசனமும், அதன் மேல் எழுந்த 1918-ஆம் ஆண்டின் சட்டமும் அந்தப் பட்டங்களுக்கு ஒரு தெளிவான நிலையைத் தருகின்றன. வெளிநாட்டு எம்.ஏ. ஒன்றோடு வருகிறவர், அது இங்கே எதற்கு இணை என்று ஒவ்வொரு இடத்திலும் விளக்கிக்கொண்டிருக்க நேரும். எப்படியும் வெளியே போகத் தீர்மானித்தால், அந்தப் பட்டத்தைக் கற்பிப்பதற்கு ஏற்பார்களா என்று செனட் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டு போங்கள்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. பெங்களூரில் 1910 முதல் இயங்கும் ஐக்கிய இறையியல் கல்லூரி, சென்னை குருகுல், மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரி ஆகியவை எல்லாம் மதிப்புள்ள மரபு உடையவை. பொதுவாக நம் நாட்டு இறையியல் ஆய்வு கடந்த சில பத்தாண்டுகளில் தலித் வாசிப்பு, பெண்ணிய வாசிப்பு, சூழலியல் வாசிப்பு என்று நம் மண்ணின் கேள்விகளை எடுத்துக்கொண்டு வளர்ந்திருக்கிறது. அது தேவையான வளர்ச்சி. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும் அந்தக் கேள்விகளுக்கான ஆய்வேடு ஒன்றை மூலமொழியைப் பெயரளவுக்குத் தொட்டுவிட்டு எழுதி முடிக்கவும் வழி இருக்கிறது. நீங்கள் கல்லூரியைத் தேர்ந்தெடுப்பதைவிட வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான். விண்ணப்பிக்கும் முன், துறையின் பேராசிரியருக்கு எழுதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் மூலப்பாடம் வாசிக்கிறீர்கள், கடந்த ஆண்டு எந்தப் புத்தகத்தை வாசித்தீர்கள், வகுப்புக்கு வெளியே வாசிப்புக் குழு உண்டா, அடுத்த இரண்டாண்டும் நீங்கள் அங்கே இருப்பீர்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி மரியாதைக் குறைவாகத் தோன்றலாம், தோன்றினாலும் கேளுங்கள். ஓய்வுபெறப் போகும் அல்லது ஆய்வு விடுப்பில் செல்லப்போகும் ஆசிரியரை நம்பிச் சேர்ந்துவிட்டு, முதல் பருவத்திலேயே வழிகாட்டி இல்லாமல் நிற்பது எந்த நாட்டிலும் நடக்கிறது. இதே கேள்விகளை அங்கே இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரிடமும் கேளுங்கள். இரண்டு பதில்களும் ஒத்துப்போனால் நம்பிச் சேரலாம்.

எம்.டிஎச். படிக்கும் ஆண்டுகளிலேயே சேர்த்துக்கொள்ளக் கூடிய ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. அரமேயத்தின் ஒரு கிளையான சீரிய மொழியைக் கற்க நீங்கள் ஐரோப்பா போக வேண்டியதில்லை. கோட்டயத்தில் 1985-இல் தொடங்கிய தூய எஃப்ரேம் ஆய்வு நிறுவனம், அந்த மொழிக்கு உலக அளவில் மதிக்கப்படும் மையங்களுள் ஒன்று. மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் கீழ் சீரியத்தில் எம்.ஏ. பட்டமும் அங்கே உண்டு. கேரளத் திருச்சபைகளின் வழிபாட்டில் இன்றும் ஒலிக்கும் மொழி அது. பழைய ஏற்பாட்டின் சீரிய மொழிபெயர்ப்பான பெஷீத்தாவை வாசிக்கத் தெரிந்த தமிழ் ஆய்வாளர்கள் மிகச் சிலரே. திருநெல்வேலியிலிருந்து ஓர் இரவுப் பயணத் தூரத்தில் இருப்பதை, நம் மாணவர்கள் ஏன் இவ்வளவு அரிதாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

ஜெர்மனியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் முனைவர் பட்டத்துக்கு அதை மனத்தில் வையுங்கள். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் பயிற்சிக் கட்டணம் இல்லை. டூபிங்கனும் ஹைடல்பெர்க்கும் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்திலோ 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்கத் தொடங்கினார்கள். புதிய ஏற்பாட்டின் கிரேக்கப் பாடத்தை ஆராய்ந்து பதிப்பிக்கும் நிறுவனம் 1959-இல் தொடங்கப்பட்டு மியூன்ஸ்டரில் இயங்குகிறது. எங்கே ஆய்வு செய்தாலும் ஜெர்மன் மொழியில் எழுதப்பட்ட கட்டுரைகளை வாசிக்கும் திறனை உங்களிடம் எதிர்பார்ப்பார்கள். ஆகவே எம்.டிஎச். காலத்திலேயே அதன் தொடக்க நிலைகளை முடித்துவிடுங்கள். முனைவர் பட்டத்துக்கான பண உதவிக்கு லாங்கம் பார்ட்னர்ஷிப் போன்ற அமைப்புகள், படிப்பு முடிந்து தாய்நாட்டில் கற்பிக்கத் திரும்புவோருக்கென்றே செயல்படுகின்றன; உங்கள் நோக்கம் அவற்றுக்குப் பொருத்தமானது.

இணையவழிப் படிப்பு போதுமா என்று கேட்டிருந்தீர்கள். இலக்கணத்தைப் புதுப்பிக்கவும் சொற்களை ஏற்றவும் போதும். பட்டத்துக்கு அதை நம்ப வேண்டாம். தவறாக வாசிக்கும்போது உடனே நிறுத்தித் திருத்தும் குரல் ஒன்று அருகில் இருந்தாக வேண்டும், சக மாணவரின் தவறிலிருந்தும் கற்க வேண்டும். நேரலையில் சிறு குழுவாக நடக்கும் வாசிப்பு வகுப்பு கிடைத்தால் அது விதிவிலக்கு. கேம்பிரிட்ஜின் டிண்டேல் இல்லம் வெளியிட்டுள்ள ஸ்டெப் பைபிள் போன்ற இலவசக் கருவிகள் மிகவும் பயனுள்ளவை. ஆனால் ஒவ்வொரு சொல்லின் மேலும் விரலை வைத்தால் அதன் இலக்கணக் குறிப்பு வந்துவிடும் என்பதால், முதல் வாசிப்பில் அவற்றைத் திறக்காதீர்கள். நீங்களே பகுத்துப் பார்த்து எழுதிவிட்டு, பிறகு சரிபார்க்க மட்டும் திறவுங்கள்.

சேர்க்கை எங்கே கிடைத்தாலும் அதற்கு முன் உங்கள் கையில் சில மாதங்கள் இருக்கும். அவற்றை வீணாக்க வேண்டாம். ரூத் புத்தகத்தில் இருப்பது 85 வசனங்கள், யோனாவில் 48. நாளுக்கு ஐந்து வசனம் என்றாலும் இரண்டையும் ஒரு மாதத்துக்குள் முடித்துவிடலாம். அடுத்து ஆதியாகமத்தில் யோசேப்பின் வரலாறு. அதன் உரைநடை சீரானது, ஒரே சொற்கள் திரும்பத் திரும்ப வருவதால் கை பழகும். செய்யுளுக்கு அவசரப்பட்டுப் போகாதீர்கள், யோபுவை ஆசிரியருக்காக வைத்திருங்கள். எபிரெய வேதாகமத்தில் 50 முறைக்கு மேல் வரும் சொற்கள் 600-க்குச் சற்று அதிகம். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அத்தகையவை 300-க்குச் சற்று அதிகம். இவை நாவில் இருந்தால் அகராதியைப் புரட்டும் நேரம் வெகுவாகக் குறையும். ஒவ்வொரு நாளும் வாய்விட்டு வாசியுங்கள். கண்ணால் மட்டும் படித்த எபிரெயம் தேர்வோடு மறந்துவிடும்.

திருத்தப் பணி பற்றிய உங்கள் விருப்பத்தைக் கடைசியாக எடுத்துக்கொண்டேன், அதுதான் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி அளித்தது. சீகன்பால்க் மொழிபெயர்த்துத் தரங்கம்பாடியில் 1715-இல் அச்சேறி முடிந்த புதிய ஏற்பாடு கிரேக்கத்திலிருந்து தமிழுக்கு வந்தது. ஃபப்ரீஷியஸின் நெடுநாள் உழைப்பும், 1871-இல் போவர் தலைமையில் வெளிவந்த பதிப்பும், 1995-இன் பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமும் அந்த வரிசையில் நிற்பவை. அந்த மேசையில் உட்கார மூலமொழி பாதி. மற்றப் பாதி தமிழ். ஆகவே மொழியியலில் ஒரு தாளையாவது படியுங்கள், தமிழ் உரைநடையை விடாமல் வாசியுங்கள். பெங்களூரில் உள்ள இந்திய வேதாகமச் சங்கத்தின் மொழிபெயர்ப்புத் துறைக்கு இப்போதே எழுதி, ஆலோசகர்களிடம் என்ன தகுதிகளை எதிர்பார்க்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஆய்வேட்டின் தலைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது அந்தப் பதில் உதவும்.

கடைசியாக ஒரு நடைமுறைக் காரியம். பி.டி.யில் உங்களுக்கு எபிரெயம் கற்பித்த ஆசிரியரை இந்த மாதமே போய்ப் பாருங்கள். பரிந்துரைக் கடிதத்தை உங்கள் வகுப்பும் உழைப்பும் அவர் நினைவில் பசுமையாக இருக்கும்போதே கேட்டு வாங்குவது நல்லது. வெறுங்கையோடு போகாமல், ரூத் முதல் அதிகாரத்தை நீங்களே மொழிபெயர்த்துக் குறிப்புகளோடு எழுதி எடுத்துப் போங்கள். எட்டாம் வசனத்தில் நீங்கள் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அவர் முதலில் பார்ப்பார்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்